இரண்டு விரல் நகர்ந்த குதிரை

"வேகமா நடங்கய்யா! இன்ஸ்பெக்டர் ரெண்டாவது கூடை இறால் கொழுக்கட்டை கொண்டாரச் சொல்லிட்டாரு. அது காலியாச்சுன்னா விலங்க மாட்டிடுவாரு."

முன்னால் போன ஹோ அக்கா அதட்ட, துப்பறியும் தாம் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். குடையை விரித்தால் குடையோடு முத்தாற்றில் போய் விழவேண்டியதுதான், அப்படி ஒரு காற்று. புயல் வருகிறது, வருகிறது என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவும் வந்து தொலைக்கவில்லை, வெயிலும் திரும்பவில்லை. கான்டன் நகரம் முழுவதும் ஜன்னலைச் சாத்துவதும் திறப்பதுமாக அல்லாடிக்கொண்டிருந்தது.

ஹோ அக்காவுக்கு அதைவிட மோசமான அல்லாட்டம். கல்யாணமே வேண்டாம் என்று கொண்டை முடிந்து சத்தியம் செய்துகொண்ட பட்டு ஆலைப் பெண்களில் அவள் ஒருத்தி. ஆலை மூடிய பிறகு தாமிடம் வேலைக்குச் சேர்ந்தாள். தேநீர் போடுவது, வாசலில் நிற்பவனை எடைபோடுவது, முதலாளியை நேரம் பார்த்து மட்டம் தட்டுவது, மூன்றும் அவள் உத்தியோகம். ஆனால் இன்றைக்கு வாய் ஓடினாலும் மனசு ஓடவில்லை. மாட்டிக்கொண்டிருப்பது அவளுடைய சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சுய்-ஹுங். எட்டுத் தாமரை தேநீர் விடுதியின் மேடையில் உட்கார்ந்து பாடிப் பிழைக்கும் கண் தெரியாத பாடகி.

"சுய்-ஹுங் எடுத்திருக்க மாட்டாய்யா."

"நீங்க சொல்றீங்க."

"நான் சொன்னா பத்தாதா?"

"எனக்குப் பத்தும் அக்கா. இன்ஸ்பெக்டர் குவோக்குக்குப் பத்தணுமே."

விடுதிக்குள் ஒரு மேசை காலியில்லை. வழக்கமாகப் பாட்டைக்கூடக் கவனிக்காதவர்கள் எல்லாம் இன்று, தேநீர் குடிக்க வரும்போது கூடவே தூக்கிவரும் பறவைக்கூண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் சுய்-ஹுங் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் யாங்சின். விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற தட்டைப் பெட்டி, அதன்மேல் நெருக்கமாக இழுத்துக் கட்டிய பித்தளைக் கம்பிகள். இரண்டு மெல்லிய மூங்கில் குச்சிகளால் தட்டினால் மழைத் தூறலாகப் பேசும். இன்று பேசவில்லை. நடுவில் ஒரு கொத்துக் கம்பிகள் வெட்டுண்டு சுருண்டு கிடந்தன.

"யாருய்யா வெட்டினது?" என்று ஹோ அக்கா கேட்ட தொனியில், முன்வரிசையில் இருந்தவர் கொழுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான்தான்" என்றார் விடுதி முதலாளி கூங். "வெட்டாம எப்படி எடுக்கறது? வளையல் உள்ளல்ல கிடந்துச்சு!"

விஷயம் இதுதான். நேற்று மாலை கூங்கின் மனைவி கை கழுவ, பச்சை ஜேட் கல்லில் செய்த வளையலைக் கழற்றி வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்றில் மின்சாரம் போயிற்று, ராத்திரி முழுக்க வரவில்லை. கைவிளக்கை ஏற்றிக் கொண்டுவந்தபோது வளையல் இல்லை. உடனே கதவைச் சாத்தி, வெளியே போன ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். வளையல் கிடைக்கவில்லை. இன்று காலை சுய்-ஹுங் முதல் தட்டு தட்டியதும் யாங்சின் அபஸ்வரமாக முனகியது, வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. கூங் சத்தத் துளை வழியாக எட்டிப் பார்த்தார். பச்சையாக மின்னியது. கம்பிகளை வெட்டி வளையலை வெளியே எடுத்தார்.

"யாங்சின் ராத்திரி எங்க இருந்தது?" என்று கேட்டார் தாம்.

"மேடைக்குப் பின்னால சின்ன ரூம்ல. நேத்து கரண்ட் போனதும் அங்க கொண்டு வச்சாங்க. சாவி வெளிய ஆணியில தொங்கும்" என்றார் கூங்.

"அப்படின்னா யார் வேணும்னாலும் போயிருக்கலாம்."

"யார் வேணும்னாலும் போயிருக்கலாம், ஆனா போனது இவதான்." இன்ஸ்பெக்டர் குவோக் குச்சியில் கொழுக்கட்டையோடு எழுந்து வந்தார். ஆள் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "தாம், நீர் வருவீர்னு தெரியும். அதனாலதான் மெதுவா சாப்பிட்டேன். இங்க வந்து பாரும்."

கம்பிகளைத் தாங்கி நிற்கும் நீளக் கட்டையைக் காட்டினார். நம் வீணையில் இருப்பதுபோலவே அதற்கும் குதிரை என்றுதான் பெயர். யாங்சினில் இரண்டு குதிரைகள் உண்டு. பசை போட்டு ஒட்டுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்கும். கம்பியைத் தளர்த்தினால் நகர்ந்துவிடும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்றதால் இடது குதிரையின் அடியில் பலகை வெளுத்து ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. இப்போது குதிரை அந்தக் கோட்டின்மேல் இல்லை. இடப்பக்கமாக இரண்டு விரல் தள்ளி நின்றது.

"வளையல உள்ள விடணும்னா கம்பியத் தளர்த்தணும். தளர்த்தினா குதிரை சரியும். திரும்ப வைக்கணும். கண்ணிருக்கிற எவனும் இந்த வெள்ளைக் கோட்டப் பாத்து வச்சிருப்பான். கோட்டப் பாக்க முடியாதவங்க இங்க யாரு?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்று முணுமுணுத்தது. கணக்கு கச்சிதமாக இருக்கிறதே என்று ஹோ அக்காவுக்கே தோன்றியதுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

"பாவம், விட்டுடலாம் இன்ஸ்பெக்டர்" என்று ஓரத்து மேசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "கண்ணில்லாத பொண்ணு. வறுமை செய்ய வச்சிருக்கும்."

யீ பண்டிதர். ஒரு வாரமாக இங்கேயே தவம் கிடக்கிறார். யாங்சினின் வரலாற்றை எழுதுகிறாராம். இது இந்த மண்ணிலேயே பிறந்த வாத்தியம், கப்பலில் வந்தது என்று சொல்கிறவன் எல்லாம் அந்நியனுக்குப் பல்லக்குத் தூக்குகிறவன் என்று தினமும் யாரையாவது பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். நாளைக்குக் கல்லூரியில் சொற்பொழிவு. அங்கே காட்டுவதற்காக இதே யாங்சினை இன்று வண்டியில் எடுத்துப்போவதாக ஏற்பாடு.

"நீங்க வாசிப்பீங்களா பண்டிதரே?" என்றார் தாம்.

"நான் எழுதறவன். வாசிக்கறவன் இல்ல."

தேநீர் ஊற்றும் பையன்கள் எல்லாம் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால், கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஹோ அக்கா கெண்டியை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக ஊற்றினாள். ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்வது ஊர் வழக்கம். எல்லோரும் தட்டினார்கள். பண்டிதர் மட்டும் காலிக் கோப்பையைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவள் ஊற்றிவிட்டாள்.

"வேண்டாம்னு சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க? தாயக்கட்டை உருட்டறீங்கன்னு நெனச்சேன்."

பண்டிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹோ அக்கா அதோடு அதை மறந்தும் போனாள்.

மேடையில் தாம் சுய்-ஹுங்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "பொண்ணே, குதிரை நகர்ந்தா நீ எப்படி வைப்பே?"

"இதென்ன கேள்வி? காதாலதான்." சுய்-ஹுங் ஒரு விரலால் குதிரையைத் தடவிக் காட்டினாள். "ஈரக்காத்து அடிச்சா மாசத்துக்கு ஒரு தடவ நகரும். கோடு விழுந்திருக்குன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். கோடு இருக்கற எடத்துல நான் வைக்கல. நான் வச்ச எடத்துலதான் கோடு விழுந்துச்சு."

"கேட்டீங்களா!" என்றாள் ஹோ அக்கா இன்ஸ்பெக்டரிடம். "சட்டையில எழுதி வச்சுக்குங்க."

"வாய் யாருக்கும்தான் இருக்கு" என்றார் குவோக்.

"சரி, வாய் வேண்டாம், கம்பியே சொல்லட்டும்" என்றார் தாம். "பொண்ணே, வெட்டாத கம்பி ஒண்ண எடு. குதிரைக்கு வலப்பக்கம் ஒரு தட்டு, இடப்பக்கம் ஒரு தட்டு."

அவள் தட்டினாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

யாங்சினில் இடது குதிரையின் இரண்டு பக்கமும் வாசிக்கலாம். ஒரே கம்பி, வலப்பக்கம் 'ச' என்றால் இடப்பக்கம் 'ப' பேசவேண்டும். இந்த ஊரில் பால்குடிக் குழந்தைகூட அந்த ஜோடியைக் கேட்டுத்தான் தூங்கும். இப்போது கேட்டது வேறு. 'ச' வுக்கு எதிரே மேல் 'ச'. அதே ஸ்வரம், ஒரு மாடி மேலே.

"அடுத்த கம்பி?" அதுவும் ச, மேல் ச. அதற்கடுத்ததும் அப்படியே. மிச்சமிருந்த கம்பிகள் அத்தனையும் துளி பிசகாமல் அதே ஜோடி.

தாம் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். அவர் கண்ணில் பளபளப்பு வந்துவிட்டதை ஹோ அக்கா பார்த்தாள். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

"இன்ஸ்பெக்டர், குருட்டாம்போக்குல வச்சிருந்தா ஒரு கம்பி ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி பேசியிருக்கும். இது எல்லாக் கம்பியிலயும் ஒரே மாதிரி. வச்சவனுக்குக் காது இருக்கு. அதுவும் நம்ம ஊர்க் காது இல்ல."

"பின்ன?"

"நான் சுங்கத்துறையில இருந்தப்ப ஒரு பாரசீக வியாபாரி சந்தூர்னு இதே மாதிரி ஒரு வாத்தியம் கொண்டுவந்தான். இதோட பாட்டின்னும் சொல்லலாம், பெரியம்மான்னும் சொல்லலாம், அந்தச் சண்டைய படிச்சவங்க போடட்டும். உள்ள அபினி இருக்கான்னு பாக்கக் கம்பியத் தளர்த்தினோம். அவன் தலையில அடிச்சுக்கிட்டு என் எதிர்லயே திரும்பக் கட்டினான். அவங்க ஊர்ல ச-வுக்கு எதிர்ல மேல் ச. குதிரைகள இன்னும் ஓரமாத் தள்ளித்தான் வைப்பாங்க. நேத்து கரண்ட் இல்ல, ஜன்னல் சாத்தியிருந்தது. இருட்டுல கோடு தெரியாம, காத நம்பி, பழகின கை பழகின எடத்துலயே வச்சுடுச்சு. இங்க சுய்-ஹுங் வச்சிருந்தா கண்ண மூடிக்கிட்டே கோட்டுமேல வச்சிருப்பா."

பண்டிதர் இருமினார். "சந்தூராவது மண்ணாவது! யாங்சினுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"இருக்கட்டும். பாரசீகப் பக்கம் போய்வந்தவங்க இந்த விடுதியில யாராவது உண்டா?"

கூங் முதலாளி தொடையில் தட்டினார். "நம்ம சமையல்காரன் பான்! கப்பல்ல சமையல் பண்ணிக்கிட்டு பாஸ்ரா துறைமுகம் வரைக்கும் போனவன்!"

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே சமையலறைப் பக்கம் பாய்ந்துவிட்டார். தாமும் பின்னாலேயே போனார். ஹோ அக்கா கெண்டியைக்கூட வைக்காமல் ஓடினாள். சுய்-ஹுங் தப்பித்தாள் என்று சந்தோஷப்படவேண்டிய நேரம், ஆனால் பான் மீன் வறுப்பதைத் தவிர வேறு பாவம் அறியாதவர் என்று அவளுக்குத் தெரியும். ஒரு அப்பாவியை இறக்கிவிட்டு இன்னொரு அப்பாவியை ஏற்றுவதா?

பான் கரண்டியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு அடுப்போரம் ஒண்டினார். "யாங்சினா? எனக்குப் பானையத் தட்டத்தான் தெரியும் சாமி!"

"பாஸ்ராவுல என்ன பண்ணினே?"

"சரக்கு ஏத்தற வரைக்கும் காப்பிக்கடையில உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். கொஞ்சூண்டு கப்பு, கசப்புன்னா கசப்பு! காலி பண்ணப் பண்ண ஊத்திக்கிட்டே இருந்தான் சாமி அந்த ஆளு. கையெடுத்துக் கும்பிட்டேன், ஊத்தினான். வேண்டாண்டான்னு கத்தினேன், சிரிச்சுக்கிட்டே ஊத்தினான். நெஞ்சு தடதடங்குது. கடைசியில பக்கத்துல இருந்தவன்தான் சொல்லிக்குடுத்தான், போதும்னா கப்ப இப்படி ஆட்டணுமாம்!"

பான் ஒரு சாஸ் கிண்ணத்தை எடுத்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்.

ஹோ அக்காவின் கையிலிருந்த கெண்டி சரிந்து இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் வெந்நீர் கொட்டியது. அவர் குதித்தார். அவள் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

"அய்யா" என்றாள் தாமின் சட்டைக் கையைப் பிடித்து. "கப்ப ஆட்டினா போதும்னு அர்த்தமா?"

"பான் சொல்றாரே."

"அப்ப வாங்க. யாரும் வாயத் தெறக்காதீங்க. இன்ஸ்பெக்டரய்யா, நீங்க முக்கியமாத் தெறக்காதீங்க."

கெண்டியை நிரப்பிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். யீ பண்டிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு மேசை நுனியில் உட்கார்ந்திருந்தார். புயலுக்கு முன்னால் ஹாங்காங் படகு கிளம்பிவிடுமாம், வண்டிக்காரனைக் கூப்பிடச் சொல்லிக் கூங்கின் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். யாங்சின் இனி வேண்டாமாம். கல்லூரிச் சொற்பொழிவு காற்றில் போய்விட்டது போலும். ஒரு கையில் கோப்பை, கண் வாசல்மேல்.

ஹோ அக்கா எதுவும் பேசாமல் கெண்டியின் மூக்கை நீட்டினாள்.

பண்டிதர் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது.

சமையலறை வாசலில் நின்ற பான் "அட!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"பாஸ்ராவுல எவ்வளவு காலம் இருந்தீங்க பண்டிதரே?" என்றார் தாம்.

"பாஸ்ராவா? நான் இந்த மாகாணத்தத் தாண்டினதே இல்ல!"

"அப்ப கோப்பைய ஏன் ஆட்டினீங்க?"

பண்டிதர் கோப்பையைப் பார்த்தார். அது தன் கையில்தான் இருக்கிறதா என்பதே அவருக்குச் சந்தேகம் வந்ததுபோல் இருந்தது. மெல்லக் கீழே வைத்தார்.

"தாம், கோப்பைய ஆட்டினதுக்கெல்லாம் நான் விலங்கு போட முடியாது" என்று குவோக் காதருகே முனகினார். ஒரே நாளில் இரண்டு பேரைத் தப்பாகப் பிடித்தவர், மூன்றாவதற்குத் தயங்கினார்.

"வேண்டாம். கம்பியத் தளர்த்தி முறுக்கறதுக்கு ஒரு திருகுசாவி வேணும். சுய்-ஹுங்கோட சாவி எங்க?"

சுய்-ஹுங் கழுத்திலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினாள். "குளிக்கறப்பகூடக் கழட்ட மாட்டேன்."

"அப்ப திருடன்கிட்ட சொந்தச் சாவி இருக்கணும். வாசிக்கவே தெரியாத ஒருத்தர் பையில அது இருக்காது இல்லையா பண்டிதரே?"

பண்டிதர் பையை இறுக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கு அது போதும், பையைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தார். சட்டைகள், கண்ணாடிக் கூடு, ஒரு திருகுசாவி. கடைசியாகப் பட்டுத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று உருண்டு வந்தது. பிரித்தால் இரண்டு மரக் குச்சிகள். இந்த ஊர் மூங்கில் இல்லை. பிடியில் விரல் நுழைய வளைவு வைத்துச் செதுக்கியிருந்தது.

"மண்ணுலயே பிறந்ததாம்!" என்று யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். ஹோ அக்காவுக்கும் ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. பண்டிதரின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

"பன்னெண்டு வருஷம்" என்றார் யீ பண்டிதர். கனத்த குரல் எங்கேயோ போயிருந்தது. "கப்பல்ல குமாஸ்தாவாப் போனேன். காப்பிக்கடையில ஒரு கிழவர் வாசிச்சாரு. அங்கயே உக்காந்துட்டேன். திரும்பி வந்து இங்க வாசிச்சுக் காட்டினப்ப, அந்நியச் சத்தம்னு சிரிச்சாங்க. ஒரே ஒரு சாயங்காலம்தான் வாசிச்சேன். அப்புறம் எழுத ஆரம்பிச்சுட்டேன். அவங்களுக்குப் புடிச்சத எழுதினேன், மால போட்டாங்க."

"வளையல்?"

"திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட். வேறெதுக்கு?"

"போறதுன்னா போகவேண்டியதுதானே" என்று வெடித்தாள் ஹோ அக்கா. இப்போது விழுங்க முடியவில்லை. "இவள உள்ள தள்ளிட்டா போகணும்? கண்ணில்லாதவ, பாவம்னு வேற சொன்னீரே, உம்ம வாய் அழுகாதா?"

"வளையலோட யாங்சின் என்கூட வந்துடும்னு நெனச்சேன். இவமேல பழி விழும்னு நெனைக்கல. விழுந்தப்புறம்..."

"விழுந்தப்புறம் கொழுக்கட்ட சாப்பிட்டீரு" என்றாள் ஹோ அக்கா.

இன்ஸ்பெக்டர் குவோக் விலங்கை எடுத்துப் பூட்டினார். பண்டிதர் கையை நீட்டிக் கொடுத்தார். கூட்டத்தில் சிலர் காறினார்கள். கூங் முதலாளி சுய்-ஹுங்கிடம் வந்து, வெட்டிய கம்பிகளுக்குப் பதில் புதுக் கம்பி இன்றைக்கே வந்துவிடும் என்று குழைந்தார். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அக்கா, அந்தக் குச்சிகளக் குடு."

ஹோ அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். சுய்-ஹுங் விரலை வளைவுக்குள் நுழைத்துப் பார்த்தாள். உட்புறம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. நெடுநேரம் அந்தத் தேய்மானத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

"பண்டிதரய்யா" என்றாள், அவர் நின்ற திசை தப்பாமல் முகத்தைத் திருப்பி. "காலையில இருந்து என் உசுரு என்கிட்ட இல்ல. ஜெயிலுக்குள்ள நான் எப்படிப் பொழப்பேன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அத நான் மன்னிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு வாரமா இந்தப் பொட்டி உங்க கண்ணு முன்னாலயே இருந்துச்சே. ஒரு தடவ வாசிச்சுக்கட்டுமான்னு என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. குதிரைய உங்க எடத்துக்கு நானே நகர்த்தி வச்சுட்டு, உக்காந்து கேட்டிருப்பேனே."

விலங்கு பூட்டியபோது அழாத மனுஷன் அதைக் கேட்டதும் அழுதுவிட்டார்.